கற்றாழை கிரீம் மூணு மாசம் கெடாதுன்னு இனி போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த பெண்கள் இணைப்புல, கெமிக்கலே இல்லாம வீட்டுலயே மாய்ஸ்சரைசர் செய்யறது எப்படின்னு ஒரு குறிப்பு வந்திருந்துச்சு. கற்றாழை ஜெல் அரை கப், தேங்காய் எண்ணெய் கால் கப், பன்னீர் ரெண்டு ஸ்பூன், வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் ரெண்டு, எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சு பாட்டில்ல ஊத்தி வெச்சுக்கோங்க, வைட்டமின் ஈ இயற்கையான பிரிசர்வேட்டிவ்ங்கறதால மூணு மாசம் வரைக்கும் கெடாதுன்னு எழுதியிருந்தாங்க. சேர்க்கச் சொன்ன பொருள் எதுலயும் எனக்கு சண்டை இல்ல, எல்லாம் நம்ம வீட்டுல இருக்கறதுதான், ஆனா அந்த மூணு மாசம்ங்கற வரி தப்பு, சும்மா விட்டுட்டு போற மாதிரி தப்பும் இல்ல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன். இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, எத்தனை நாள் வெச்சுக்கலாம்னு நான் சொல்ற பகுதியை மட்டும் தயவு செஞ்சு வெட்டாதீங்க.

நான் மைக்ரோபயாலஜி லேப்ல டெக்னீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவ. வேலையே கிருமி வளர்க்கறதுதான், அதுக்கு என்னென்ன புடிக்கும்னு நல்லாவே தெரியும். தண்ணி வேணும், கொஞ்சம் சர்க்கரைச்சத்து வேணும், மிதமான சூடு வேணும், தொந்தரவு பண்ணாம விடணும். கற்றாழை ஜெல்லுல 98 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், மிச்சத்துல பெரும்பகுதி சர்க்கரை வகைதான். அதை மிக்ஸில அடிச்சு, பாத்ரூம் ஷெல்ஃப்ல நாகர்கோவில் வெக்கையில வெச்சா, லேப்ல கிருமி வளர்க்க நாங்க காசு குடுத்து வாங்குற மீடியத்துக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சாதகமான சூழ்நிலையில சில பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும், அப்படின்னா ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் 7 மணி நேரத்துல 20 லட்சத்தைத் தாண்டிடும். கிரீமுக்குள்ள அவ்வளவு வேகம் இருக்காதுதான், ஆனா நீங்க குடுத்திருக்கறது 7 மணி நேரம் இல்லையே, மூணு மாசம்.

காலையில அரைச்ச தேங்காய் சட்னி சாயங்காலம் ஊசிப்போகும்னு நம்ம வீட்டுல சின்னப் புள்ளைக்கும் தெரியும், அதை யாரும் மூணு மாசம் வெச்சு சாப்பிடறதில்ல. அதே தண்ணிச்சத்து உள்ள சாமானை மூஞ்சில பூசறதுக்குன்னு அடிச்சா மட்டும் அது எப்படி கெடாம இருக்கும்?

வைட்டமின் ஈ விஷயம். இது உங்க பேப்பர் மட்டும் பண்ற தப்பு இல்ல, யூடியூப் முழுக்க இதைத்தான் சொல்றாங்க. வைட்டமின் ஈ எண்ணெய் காறிப்போகாம பாத்துக்கும், அதாவது எண்ணெய் காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேர்ந்து அந்தப் பழைய முறுக்கு டப்பா வாடை வருமே அதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான் அதோட வேலை. பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது ஒண்ணும் பண்ணாது. எண்ணெய் காறறதும் கிருமி வளர்றதும் வேற வேற சமாச்சாரம், ரெண்டுக்கும் 'கெட்டுப்போச்சு'ன்னு ஒரே பேரு சொல்றதால ஒரே மருந்து போதும்னு நினைச்சுக்கறாங்க.

உடனே சிலர் கேப்பாங்க, மஞ்சள் போட்டா? வேப்பிலை போட்டா? தேன் போட்டா? மஞ்சள்ல இருக்கற குர்குமின் தண்ணில கரையவே கரையாது, கிரீம்ல ஒரு சிட்டிகை போட்டா கலர்தான் வரும், காவல் வராது. தேன் தனியா இருந்தா வருஷக்கணக்கா இருக்கும், ஏன்னா அதுல தண்ணி 20 சதவீதத்துக்குள்ளதான் இருக்கும், அதுலயும் சர்க்கரை அவ்வளவு கெட்டியா இருக்கறதால கிருமியால அந்தத் தண்ணியை எடுத்துக்க முடியாது. அதே தேன்ல கற்றாழையையும் பன்னீரையும் ஊத்தினீங்கன்னா தேன் நீர்த்துப்போய் அதுவே புளிக்க ஆரம்பிச்சிடும். வேப்பிலைச் சாறுன்னு சொல்றீங்களே, அதுவும் தண்ணிதானே.

பாத்தா நல்லாத்தான இருக்கு, வாடை வரலையேன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். தெளிவா இருக்கற ஒரு திரவம் நம்ம கண்ணுக்கு லேசா கலங்கித் தெரியணும்னாலே ஒரு மில்லிக்கு கிட்டத்தட்ட 1 கோடி பாக்டீரியா வேணும். காஸ்மெட்டிக்ஸ்ல எவ்வளவு கிருமி வரைக்கும் இருக்கலாம்னு ஐ.எஸ்.ஓ. 17516-ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல சாதாரண கிரீமுக்கு ஒரு கிராமுக்கு 1000 தான் வரம்பு, கண்ணைச் சுத்திப் போடறதுக்கும் மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு போடறதுக்கும் 100 தான். 1000-க்கும் 1 கோடிக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு பாருங்க, அந்தத் தூரம் முழுக்க கிரீம் வெள்ளையா, வாசமா, ஃபோட்டோவுக்கு அழகாத்தான் இருக்கும்.

எல்லாருக்கும் உடனே ஏதாவது ஆகிடும்னு பயமுறுத்த வரல. முழுசா இருக்கற தோல் நல்ல கோட்டைதான், நிறைய பேர் கெட்டுப்போன கிரீமை பூசிட்டு ஒண்ணும் ஆகாம சுத்திட்டு இருப்பாங்க. ஆனா மாய்ஸ்சரைசர் யாருக்குத் தேவைப்படுதுன்னு யோசிங்க, வறண்டு வெடிச்ச தோல் இருக்கறவங்களுக்குத்தானே. பித்தவெடிப்பு வந்த கால், அதுலயும் சுகர் இருக்கறவங்களோட கால், எக்ஸிமா வந்த குழந்தையோட முட்டிக்கு பின்பக்கம், ஷேவ் பண்ணின முகம், கண்ணோரம். சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, தண்ணி இருக்கற எந்த இடத்துலயும் ஒட்டிக்கும், ஏற்கனவே ஒரு கீறல் விழுந்த கருவிழிக்குள்ள அது போச்சுன்னா பார்வைக்கே ஆபத்து, ரொம்ப சீக்கிரமா கருவிழியை அரிச்சிடும். கண் டாக்டர்கிட்ட கேட்டுப்பாருங்க, அந்தப் பேரைக் கேட்டாலே முகம் மாறும்.

இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, இதையெல்லாம் 'பாட்டி வைத்தியம்'ங்கற தலைப்புல போடறீங்க. எந்தப் பாட்டியும் இப்படி செய்யல சார். எங்க குமரி மாவட்டத்துல குழந்தை பொறந்தா உருக்கெண்ணெய் காய்ச்சுவாங்க, தேங்காயைத் துருவி பால் புழிஞ்சு உருளியில ஊத்தி அடுப்புல வெச்சு கிண்டிக்கிட்டே இருப்பாங்க, பால் திரிஞ்சு எண்ணெய் மேல வந்தப்புறமும் இறக்க மாட்டாங்க, அந்த சடசடப்பு முழுசா அடங்கணும், அடியில கசடு பொன்னிறமா வரணும், அப்பதான் இறக்கி வடிகட்டுவாங்க. அந்த சடசடப்பு என்னது? எண்ணெய்க்குள்ள மிச்சம் இருக்கற தண்ணி ஆவியா போற சத்தம். சத்தம் நின்னா தண்ணி போச்சு, தண்ணி போனா எண்ணெய் கெடாது. சித்த மருத்துவத்துல தைலம் காய்ச்சறவங்க மெழுகு பதம், கடுகு பதம், மணல் பதம்னு கசடோட பதம் பாத்து இறக்கறாங்களே, அதுலயும் எவ்வளவு தண்ணி போயிருக்குங்கறதுதான் முக்கியமான கணக்கு.

நலங்கு மாவு எடுத்துக்கோங்க. பாசிப்பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ், ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாத்தையும் மொறுமொறுன்னு காயவெச்சு அரைச்சு காத்துப்படாம டப்பால வெப்பாங்க, குளிக்கப் போறப்ப தேவையான அளவு மட்டும் கைல கொட்டி தண்ணியோ பாலோ விட்டு குழைச்சுக்குவாங்க. கற்றாழையை செடில இருந்து வெட்டி அப்பவே தேய்ப்பாங்க. சந்தனக்கட்டையை கல்லுல இழைச்சு அப்பவே பூசுவாங்க. ஒண்ணு எண்ணெய், ஒண்ணு உலர்ந்த பொடி, ஒண்ணு அன்னன்னைக்கு அரைச்சது, நம்ம வீட்டுல இருந்தது இந்த மூணும்தான். தண்ணியும் எண்ணெயும் கலந்து பாட்டில்ல மாசக்கணக்குல இருக்கற வெள்ளைக் கிரீம்ங்கறது கம்பெனி பாட்டிலைப் பாத்து வந்த ஆசை, கம்பெனிக்காரன் அதுல பிரிசர்வேட்டிவ் போடறான், நாம அதை மட்டும் விட்டுட்டு பாட்டிலை காப்பி அடிக்கறோம்.

சரி குறை மட்டும் சொல்லிட்டு போனா எப்படி, என்ன செய்யலாம்னும் சொல்றேன். அதுக்கு முன்னாடி மாய்ஸ்சரைசர் என்ன வேலை பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா எதை வேணா கலக்கத் தோணும். தோல் வறண்டு போறது எண்ணெய் கம்மியானதால மட்டும் இல்ல, தோலோட மேல் அடுக்குல இருக்கற தண்ணி வெளியே போயிட்டே இருக்கறதால. எண்ணெய் தோலுக்கு தண்ணி குடுக்காது, அதுல ஏது தண்ணி, உள்ள இருக்கறது வெளியே போகாம மூடித்தான் வைக்கும். கிளிசரின், கற்றாழை, தேன் இதெல்லாம் தண்ணியை இழுத்துப் புடிச்சு வைக்கற ரகம். அதனால காஞ்ச தோல்ல எண்ணெய் பூசினா வழவழப்பு இருக்கும், ஈரம் இருக்காது. குளிச்சு முடிச்சு துண்டால அழுத்தித் தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, தோல் ஈரமா இருக்கும்போதே, ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள, கொஞ்சமா எண்ணெயோ பாமோ தேய்ச்சீங்கன்னா அந்தத் தண்ணி உள்ளயே நிக்கும். இந்த ஒரு பழக்கம் பாதி கிரீமுக்கு சமம், செலவும் கிடையாது. கூடவே கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல அரை மணி நேரம் குளிக்கறதை விடணும், மார்கழில அது சுகமாத்தான் இருக்கும், ஆனா இருக்கற எண்ணெய்ப்பசையையும் கழுவிட்டுப் போயிடும்.

தேங்காய் எண்ணெய் நிஜமாவே வேலை செய்யுமான்னு கேட்டா, செய்யும். பிலிப்பைன்ஸ்ல பண்ணி 2004-ல வெளியான ஒரு ஆய்வுல, வறண்ட தோல் இருக்கற 34 பேருக்கு கால்ல ரெண்டு வாரம் தினம் ரெண்டு வேளை தேய்க்கச் சொல்லி, பாதி பேருக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெய், பாதி பேருக்கு மினரல் ஆயில் (பெட்ரோலியத்துல இருந்து எடுக்கற எண்ணெய்) குடுத்து பாத்தாங்க, யாருக்கு எது போச்சுன்னு தேய்க்கறவங்களுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. ரெண்டும் ஒரே அளவுக்கு நல்லா வேலை செஞ்சுது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் நம்ம ஊர் எண்ணெய் அந்த மினரல் ஆயிலுக்கு ஒண்ணும் குறைஞ்சதில்லன்னு சொல்ல அது போதும். முகத்துல பரு வர்றவங்க மட்டும் தேங்காய் எண்ணெயை முகத்துல தவிர்க்கணும், பொடுகு மாதிரி மூக்கோரம் புருவத்துல செதில் செதிலா வர்றவங்களும்தான், ஏன்னா அந்த செதிலுக்கு காரணமான பூஞ்சைக்கு எண்ணெயில இருக்கற கொழுப்பு அமிலம்தான் சாப்பாடு.

எண்ணெயை அப்படியே பூச பிசுபிசுப்பா இருக்கு, டிரெஸ்ல ஒட்டுதுன்னு சொல்றவங்களுக்கு தேன்மெழுகு பாம்தான் நான் சொல்றது. தண்ணி ஒரு சொட்டு கிடையாது, அதனால பிரிசர்வேட்டிவும் தேவையில்ல. 100 கிராம் செய்ய தேங்காய் எண்ணெய் 50 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 30 கிராம், தேன்மெழுகு 20 கிராம். தராசுல போட்டு எடை பாத்துக்கோங்க, ஸ்பூன் கணக்கு மெழுகுக்கு சரிவராது. மெழுகை காய்கறி சீவற துருவில துருவிக்கோங்க (அந்தத் துருவி அப்புறம் சமையலுக்கு லேசுல திரும்பி வராது, பழசா ஒண்ணு பாத்துக்கோங்க). ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு, அதுக்குள்ள எண்ணெயும் மெழுகும் போட்ட கிண்ணத்தை இறக்கி வெச்சு உருக்கணும், தேன்மெழுகு 62-லிருந்து 64 டிகிரில உருகிடும், நேரா தீயில வைக்கவே கூடாது, மெழுகு தீப்புடிச்சா தண்ணி ஊத்தி அணைக்கவும் முடியாது. கொதிக்கற தண்ணி கிண்ணத்துக்குள்ள தெறிக்காம பாத்துக்கோங்க, இவ்வளவு நேரம் தண்ணியை பத்தி பேசிட்டு அங்க கோட்டை விட்றக்கூடாது. உருகினதும் இறக்கி, கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் வைட்டமின் ஈ 400 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒண்ணைக் குத்தி ஊத்தி கலக்குங்க, இங்கதான் அதுக்கு உண்மையான வேலை, சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் காறும், அதைத் தள்ளிப்போடும்.

நல்லா கழுவி வெயில்ல சுத்தமா காயவெச்ச சின்ன சின்ன டப்பாவுல ஊத்தி ஆறவிடுங்க. ஒரே பெரிய டப்பா வேண்டாம். இந்த அளவு நம்ம ஊர் வெயிலுக்கு, தேங்காய் எண்ணெய் 25 டிகிரியை ஒட்டியே உருகற எண்ணெய்ங்கறதால இங்க மெழுகு கொஞ்சம் தூக்கலா வேணும். ஊட்டி கொடைக்கானல்ல இருக்கறவங்க மெழுகை 14, 15 கிராமாக் குறைச்சுக்கலாம், இல்லன்னா கல்லு மாதிரி ஆயிடும். கெட்டியாயிடுச்சுன்னா திரும்ப உருக்கி கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக்கலாம், தளதளன்னு இருந்தா கொஞ்சம் மெழுகு, இதுல ஒண்ணும் வீணாப் போகாது. ஈரக்கையை உள்ள விடாம ஒரு சின்ன ஸ்பூன் வெச்சு எடுத்தா நாலு மாசம் தாராளமா இருக்கும், காறல் வாடை வந்தா தூக்கிப் போட்டுடுங்க. ஒரு பட்டாணி அளவு போதும் ரெண்டு கைக்கும், அள்ளி அப்பினா பிசுபிசுக்கத்தான் செய்யும்.

தேன்மெழுகு எங்க கிடைக்கும்னு கேப்பீங்க. எங்க பக்கம் மார்த்தாண்டம் சுத்தி தேனீ வளர்க்கறவங்ககிட்டயே கிடைக்கும், மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு கிடைச்சது தெரிஞ்சிருக்கும். மத்த ஊர்ல நாட்டு மருந்துக் கடை. பாரஃபின் கலந்து விக்கறதும் உண்டு, மோந்து பாருங்க, தேன் வாசம் லேசா வரணும், வெள்ளை வெளேர்னு மெழுகுவத்தி மாதிரி வாடையே இல்லாம விலையும் மலிவா இருந்தா சந்தேகப்படுங்க.

ஆலிவ் எண்ணெய் பத்தி ரெண்டு வரி. வெளிநாட்டு எண்ணெய்னா ஒசத்தின்னு குழந்தைக்கு வாங்கித் தேய்க்கறாங்க. இங்கிலாந்துல பண்ணி 2013-ல வெளியான ஒரு ஆய்வுல பெரியவங்களோட கைல தேய்ச்சுப் பாத்தப்பவே ஆலிவ் எண்ணெய் தோலோட மேல் அடுக்கை பலவீனப்படுத்தி லேசா சிவக்க வெச்சுது, சூரியகாந்தி எண்ணெய் அப்படி பண்ணல. டாக்கால குழந்தைங்க ஆஸ்பத்திரில குறைமாசக் குழந்தைங்களுக்கு சூரியகாந்தி விதை எண்ணெய் தேய்ச்சதுல ஆஸ்பத்திரில வர்ற தொற்று குறைஞ்சுதுன்னு 2005-லயே வந்திருக்கு. அதுக்காக குறைமாசக் குழந்தைக்கு வீட்டுல நீங்களா எதையும் தேய்க்காதீங்க, டாக்டர் சொன்னா மட்டும்.

குழந்தைன்னு பேச்சு வந்ததால இன்னொண்ணு, இது மாய்ஸ்சரைசர் இல்லன்னாலும் சொல்லாம விட மனசு வரல. சளி புடிச்சா தேங்காய் எண்ணெயில கற்பூரம் போட்டு சூடு பண்ணி கைக்குழந்தை நெஞ்சுல தேய்க்கற பழக்கம் இன்னும் போகல. கற்பூரம் தோல் வழியாவும் உள்ள போகும், சின்னக் குழந்தைக்கு அது வலிப்பு வர வைக்கக்கூடிய சாமான். ரெண்டு வயசுக்குள்ள கற்பூரமே வேண்டாம், வாயில போயிட்டா இன்னும் மோசம். இதை உங்க இணைப்புல ஒரு பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.

கற்றாழைதான் வேணும்னு நிக்கறவங்களுக்கு வழி இருக்கு. மடலை வெட்டினதும் நேரா நிமித்தி ஒரு டம்ளர்ல பத்து பதினஞ்சு நிமிஷம் சாச்சு வைங்க, மஞ்சளா ஒரு பால் வடியும், அது வடிஞ்சு போகட்டும். அதைக் காயவெச்சா வர்றதுதான் நாட்டு மருந்துக் கடையில மூசாம்பரம்னு விக்கறது, தோல்ல பட்டா பலருக்கு அரிக்கும். கற்றாழை ஒத்துக்கலன்னு சொல்ற நிறைய பேருக்கு ஒத்துக்காதது அந்த மஞ்சள் பால்தான். அப்புறம் தோலைச் சீவி உள்ள இருக்கற சோத்தைக் கழுவி அப்பவே தேய்ச்சு, காயறதுக்குள்ள அது மேல ரெண்டு சொட்டு எண்ணெய் பூசுங்க. கிரீமா அடிச்சு வெச்சா என்ன கிடைக்குமோ அதேதான் இதுலயும் கிடைக்குது, பாட்டில் மட்டும் இல்ல. மிச்சம் இருந்தா ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு ஒவ்வொரு கட்டியா எடுத்துக்கலாம், ஃப்ரீசர்ல கிருமி வளராது. வெறும் ஃபிரிட்ஜ்னா ரெண்டு மூணு நாள், அவ்வளவுதான், அதுக்கு மேல செடிக்கே ஊத்திடுங்க. கிளிசரினும் பன்னீரும் கலக்கறவங்களும் அப்படித்தான், கிளிசரின் ஒரு பங்குக்கு பன்னீர் அஞ்சாறு பங்குன்னு சின்ன பாட்டில்ல கலந்து ஃபிரிட்ஜ்ல வெச்சு சீக்கிரம் தீர்த்துடணும். தனி கிளிசரினை அப்படியே பூசாதீங்க, எரியும்.

எலுமிச்சம்பழச் சாறு எதுக்கு எல்லா குறிப்புலயும் வருதுன்னு எனக்குப் புரியல. நம்ம தோலோட பி.எச். (புளிப்பைக் காட்டற அளவு, எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) 5-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி, அவ்வளவு புளிப்பு. அதைப் பூசிட்டு வெயில்ல போனா தோல் வெந்து போன மாதிரி கருத்துடும், கொப்புளம்கூட வரும், நிறம் வரணும்னு பூசினது திட்டுத் திட்டா கருப்பா மாசக்கணக்குல நிக்கும். நலங்கு மாவுல சேர்க்கற கார்போக அரிசிலயும் இதே மாதிரி வெயிலோட சேர்ந்து வேலை செய்யற சத்து இருக்கு, வெண்புள்ளிக்கு மருந்தா குடுக்கறதே அதனாலதான், அதனால அதைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடாதீங்க. ஆப்பச் சோடா, பல்லு தேய்க்கற பேஸ்ட் இதெல்லாம் பத்தி நான் பேசவே போறதில்ல.

இல்ல, எனக்கு வெள்ளையா லோஷன்தான் வேணும், வீட்டுலதான் செய்வேன்னா அதுவும் தப்பில்ல, ஆனா அதை முறையா கத்துக்கிட்டு செய்யணும். தண்ணியும் எண்ணெயும் மிக்ஸில அடிச்சா சேர்ந்த மாதிரி இருக்கும், ரெண்டு நாள்ல பிரிஞ்சு நிக்கும், சேர்த்து வைக்க எமல்சிஃபையிங் வேக்ஸ் வேணும், காய்ச்சி வடிச்ச தண்ணி வேணும், பினாக்ஸிஎத்தனால் மாதிரி ஒரு பிரிசர்வேட்டிவ் மொத்த எடைல 1 சதவீதத்துக்கு மேல போகாம போடணும், அதாவது 100 கிராமுக்கு 1 கிராம், அதுக்கு பாயிண்ட் கணக்கு காட்டற சின்ன தராசு வேணும். கெமிக்கல்னு பயந்து ஓடறாங்க, தண்ணியும் கெமிக்கல்தான், கற்றாழையில இருக்கறதும் கெமிக்கல்தான். சரியான அளவுல இருக்கற பிரிசர்வேட்டிவை விட, பிரிசர்வேட்டிவ் இல்லாத மூணு மாசக் கிரீம் ஆயிரம் மடங்கு மோசம்னு என் அனுபவத்துல தயங்காம சொல்லுவேன்.

இப்ப வீட்டுல செஞ்சு இன்ஸ்டாகிராம்ல, வாட்ஸ்அப்ல விக்கறவங்க நிறைய. பொம்பளைங்க நாலு காசு சம்பாதிக்கறாங்க, அதைக் கெடுக்க எனக்கு மனசில்ல. ஆனா தனக்கு பூசிக்கறது வேற, அடுத்தவங்களுக்கு விக்கறது வேற. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940, அதுக்கு கீழ 2020-ல வந்த காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ், இதுப்படி கிரீம் செஞ்சு விக்கணும்னா மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில லைசென்ஸ் எடுக்கணும், லேபிள்ல என்னென்ன போட்டிருக்கு, பேட்ச் நம்பர், எப்ப செஞ்சது, எது வரைக்கும் பயன்படுத்தலாம்னு இருக்கணும். 'ஹோம்மேட், நோ கெமிக்கல்ஸ்'னு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டின டப்பா வந்தா, வாங்கறவங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதுல தண்ணி இருக்கா, இருந்தா என்ன பிரிசர்வேட்டிவ்? பதில் வைட்டமின் ஈன்னு வந்தா காசைக் குடுக்காதீங்க. அதுக்காக கடையில மலிவா கிடைக்கற சிவப்பழகு கிரீம் பக்கம் ஓடச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க, பாதரசம் கலந்த கிரீமால சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கதை பக்கத்துல மலப்புரத்துலயே 2023-ல செய்தியா வந்துச்சு. கம்பெனி பேரு, தயாரிச்ச இடம், லைசென்ஸ் நம்பர் இல்லாத எந்த டப்பாவும் வேண்டாம், வீட்டுல செஞ்சதா இருந்தாலும் சரி, வெளிநாட்டுல இருந்து வந்ததா இருந்தாலும் சரி.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு. அந்தக் குறிப்புக்கு வர்ற ஞாயித்துக்கிழமையே திருத்தம் போடுங்க, ஓரத்துல பொடி எழுத்துல இல்ல, குறிப்பு வந்த அதே பக்கத்துல. இனி எந்த அழகுக் குறிப்பு வந்தாலும், எழுதறவங்க யாரா இருந்தாலும், கடைசியில எங்க வைக்கணும், எத்தனை நாள் வைக்கலாம், யாரு பூசக்கூடாதுன்னு மூணு வரி சேர்க்கச் சொல்லுங்க. முழங்கை மடிப்புல கொஞ்சமா தடவி ரெண்டு நாள் பாத்துட்டு முகத்துக்குப் போகச் சொல்லுங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனைல தோல் டாக்டர் இருப்பாங்க, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணினா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருத்தி,
நாகர்கோவில்.

பி.கு.: உங்க வாசகி ஒருத்தங்க அதே பக்கத்துல, கிரீம் கெட்டியா வர வெங்காரம் (போராக்ஸ்) கொஞ்சம் சேர்த்தேன்னு எழுதியிருந்தாங்க. பழைய காலத்து கோல்டு கிரீம்ல தேன்மெழுகோட அதைச் சேர்த்தது உண்மைதான், தண்ணியும் எண்ணெயும் பிரியாம இருக்கறதுக்கு. ஆனா வெடிச்ச தோல் வழியா அது உள்ள போகும், குழந்தைங்க கைபடற வீட்டுல அது வேண்டவே வேண்டாம். அவங்க கிரீம் கெட்டியா வரணும்னா தேன்மெழுகு ரெண்டு கிராம் கூட்டிக்கச் சொல்லுங்க.